மரத்தடிக் கொட்டைகளும் பள்ளிப் பிள்ளைகளின் ஒவ்வாமையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பள்ளி வளாகங்களில் நிற்கும் பாதாம் மரங்களிலிருந்து உதிரும் கொட்டைகள், கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் உயிருக்கே உலையாகிவிடும் என்றும், ஆகவே கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் அம்மரங்களை வெட்டி அகற்றிவிட வேண்டும் என்றும் கேட்டு, சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் ஒரு தாயார் எழுதியிருந்தார். அதே கோரிக்கை எங்கள் ஒரத்தநாடு வட்டாரத்திலும் ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டம் வரைக்கும் வந்துவிட்டது. 32 ஆண்டுகள் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற தகுதி மட்டும் எனக்கு இருந்திருந்தால் ஒருவேளை பேசாமல் இருந்திருப்பேன். முந்திரி உடம்புக்கு ஆகாத ஒரு பேத்திக்குத் தாத்தாவாகவும் இருப்பதால், அவளும் அதே பள்ளியில் நான்காம் வகுப்பு படிப்பதால், எழுதுகிறேன். அந்தத் தாயாரின் பயம் எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலும் அது குடியிருக்கிறது. ஆனால் மரத்தை வெட்டுவதால் அந்தப் பயம் நீங்காது என்பதையும், உண்மையான ஆபத்து எந்த வழியாக வருகிறதோ அந்த வழி அப்போதும் திறந்தே கிடக்கும் என்பதையும் அவருக்கும் மற்றப் பெற்றோருக்கும் பணிவுடன் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பேத்திக்கு அப்போது 5 வயது. முந்திரி போட்ட கேசரியைத் தின்றால் உதடு அரிக்கிறது என்று சொல்லித் தட்டை ஒதுக்கிவிடுவாள். பிள்ளை அடம் பிடிக்கிறது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். மன்னார்குடிப் பக்கம் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தபோது, மண்டபத்து வாசலில் நின்ற பெரிய பாதாம் மரத்தின் அடியில்தான் மற்றப் பிள்ளைகளோடு பிற்பகல் முழுவதும் விளையாடினாள். உதிர்ந்த காய்களைப் பொறுக்கிப் பாவாடையில் கட்டிக்கொண்டு வந்து என்னிடம் காட்டவும் செய்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாலை வரவேற்பில், பாயசத்தில் மிதந்த முந்திரியைப் பொறுக்கி இலை ஓரத்தில் வைத்துவிட்டு, பரோட்டாவுக்கு ஊற்றிய வெள்ளைக் குருமாவைத் தொட்டுச் சாப்பிட்டாள். அந்தக் குருமாவைக் கெட்டியாக்க முந்திரியை அரைத்து ஊற்றியிருந்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பத்து நிமிடத்துக்குள் உடம்பெங்கும் தடிப்பு எழுந்தது. உதடும் கண்ணிமையும் வீங்கின. இரண்டு முறை வாந்தி எடுத்தாள். வழியில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் அரிப்புக்கு ஓர் ஊசி போட்டு, வெயிலில் ஆடியதால் வந்த சூடாகவும் இருக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது அவள் குரல் கரகரத்து, மூச்சு இழுக்கத் தொடங்கியது. காரைத் திருப்பிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். பணியில் இருந்த இளம் மருத்துவர் பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று மட்டும் கேட்டார்; நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் தொடையில் அட்ரினலின் ஊசியைப் போட்டுவிட்டார். சில நிமிடங்களில் அவள் முகத்தில் களை திரும்பியது. ஒரு முறை அடங்கியது சில மணி நேரம் கழித்து மறுபடியும் தலைதூக்கக்கூடும் என்பதால் இரவு முழுவதும் அவளை அங்கேயே வைத்துக் கவனித்தார்கள்.

ஒவ்வாமையை உண்டாக்குவது கொட்டையில் உள்ள சில புரதங்கள். பெரும்பாலோருக்கு அவை வெறும் உணவு. சிலருடைய உடம்பு மட்டும் அவற்றைப் பகை என்று பதிவு செய்து, அதற்கென ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே புரதம் உள்ளே போகும்போது ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்கள் ஒரேயடியாகச் சுரந்து, தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல், இரத்த அழுத்தச் சரிவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இந்தக் கடும் நிலைக்கு அனஃபிலாக்சிஸ் என்ற பெயரை 1902-இல் பிரெஞ்சு அறிஞர்களான சார்லஸ் ரிஷேயும் பால் போர்ட்டியேவும் இட்டார்கள். அந்த ஆராய்ச்சிக்காக ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. உணவு ஒவ்வாமையில் அந்தப் புரதம் உள்ளே போகும் வாசல் பெரும்பாலும் வாய்தான். ஓட்டுக்குள் அடைபட்டுத் தரையில் கிடக்கும் பருப்பிலிருந்து புரதம் ஆவியாகி மூக்கில் ஏறுவதில்லை. அது கற்பூரத்தைப் போலக் காற்றில் கரையும் பொருள் இல்லை.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. நியூயார்க்கில், நிலக்கடலைக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ள 30 பிள்ளைகளிடம் மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பில் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2003-இல் வெளியிட்டார்கள். கடலையை அரைத்துச் செய்யும் பீனட் பட்டரைச் சிறிதளவு அப்பிள்ளைகளின் தோலில் ஒரு நிமிடம் வைத்தார்கள். வேறொரு முறை அதை முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் பத்து நிமிடம் வைத்திருந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குத் தொட்ட இடத்தில் சிவப்போ அரிப்போ வந்து போயிற்று. ஒருவருக்குக்கூட மூச்சுத்திணறலோ உடல் முழுவதும் பரவும் எதிர்வினையோ வரவில்லை. மூடியைத் திறந்து வைத்த அரைத்த கடலையே அவ்வளவுதான் செய்தது என்றால், ஓடு உடையாத ஒரு கொட்டை மண்ணில் கிடந்து என்ன செய்துவிடும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது ஊசியும் மருத்துவரும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் செய்யும் வேலை.) புரதம் தூசியாகவோ நீராவியோடு கலந்தோ பறந்தால் நிலைமை மாறும் என்பது உண்மை. மீனும் இறாலும் கொதிக்கும் ஆவியில் சிலருக்கு இழுப்பு வருவது அதனால்தான். கடலை உடைக்கும் இடத்தில் பறக்கும் தூசியும் ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது. மரத்தடியில் இந்த இரண்டில் எதுவும் நடப்பதில்லை. மரங்களிலிருந்து காற்றில் வந்து தும்மலும் இழுப்பும் தருவது மகரந்தம். அந்தக் குற்றச்சாட்டை யாராவது சீமைக்கருவேலத்தின் மீது சுமத்தினால் நானும் கையெழுத்திடுவேன்.

இந்தப் பயம் நம் மண்ணில் முளைத்ததன்று. 2012-ஆம் ஆண்டின் இறுதியில், கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், டொரண்டோவை ஒட்டிய வாகன் என்னும் நகரில், பள்ளிக்கு அருகில் நிற்கும் ஓக் மரங்களின் கொட்டைகள் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து என்று சொல்லி அம்மரங்களை அகற்றுமாறு ஒரு தாய் கேட்டது அந்நாட்டுச் செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. ஓக் மரத்தை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிற்கும் சில்வர் ஓக் பெயரால் மட்டுமே ஓக். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, முற்றிலும் வேறு குடும்பத்து மரம். உண்மையான ஓக்கின் கொட்டை, சின்னக் கிண்ணத்தைத் தொப்பியாகக் கவிழ்த்தது போன்ற தோற்றமுடையது; இலையுதிர் காலத்தில் மரத்தடியில் கூடை கூடையாக உதிரும்; அணில்களுக்கு அதுதான் குளிர்காலச் சேமிப்பு. துவர்ப்பூட்டும் டானின் அதில் மிகுதியாக இருப்பதால், ஆசையாகக் கடிக்கும் பிள்ளை உடனே துப்பிவிடும். கொரியர்கள் அதை மாவாக்கி, தண்ணீரில் பலமுறை ஊறவைத்துத் துவர்ப்பைப் போக்கி, கட்டியாக உறைய வைத்து உண்கிறார்கள். ஓக் கொட்டையால் கடும் ஒவ்வாமை வந்ததாக மருத்துவ இதழில் மிக அரிதாகப் பதிவு உண்டு. அதுவும் அதைச் சாப்பிட்டவருக்கு வந்ததே.

அதே ஒண்டாரியோ மாகாணத்தில், அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, ஒவ்வாமையைப் பற்றிப் பள்ளிகளுக்கென ஒரு நல்ல சட்டம் வந்துவிட்டது என்பது நம் ஊர் வரைக்கும் வந்து சேரவில்லை. 2003-இல் 13 வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளி உணவகத்தில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்று இறந்துபோனாள். அவளுக்குப் பால் ஆகாது. வறுவலில் பால் இல்லை. பாலாடைக்கட்டியைத் தொட்ட இடுக்கியாலேயே வறுவலையும் எடுத்திருக்கிறார்கள் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அவள் பெயராலேயே சப்ரினா சட்டம் என்று அழைக்கப்படும் அச்சட்டம் 2006 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வாமை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம், ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஒழுங்கான பயிற்சி, ஒவ்வாமைப் பொருள் பிள்ளையின் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளும் நடைமுறை ஆகியவற்றை அது பள்ளிகளின் கடமையாக்கியது. கடல் கடந்து வந்த பயத்தோடு கடல் கடந்த இந்த ஏற்பாடும் சேர்ந்து வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நம் ஊரில் குழப்பத்துக்கு இன்னொரு காரணம், கொட்டை என்ற சொல். மருத்துவர்கள் நிலக்கடலையைத் தனியாகவும், மரத்தில் காய்க்கும் பாதாம், முந்திரி, பிஸ்தா, வால்நட் போன்றவற்றைத் தனியாகவும் பிரித்துப் பேசுகிறார்கள். பின்னதைத் தமிழில் மரக்கொட்டை என்று யாரோ பெயர்த்து, அது வாட்ஸப்பில் வலம் வந்தபோது, மரத்திலிருந்து விழும் கொட்டை எல்லாவற்றையும் அது குறிக்கிறது என்று மக்கள் எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. நமக்கு மாங்கொட்டையும் கொட்டை, புளியங்கொட்டையும் கொட்டை, வேப்பங்கொட்டையும் கொட்டை; ஆமணக்கைக்கூடக் கொட்டைமுத்து என்றுதானே சொல்கிறோம்! தாவரவியலில் இவை ஒரே இனம் ஆகா. மருத்துவர்கள் மரக்கொட்டை என்று சேர்த்துச் சொல்பவைகூட ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை ஆகா. பாதாம் ரோஜாக் குடும்பம். முந்திரியும் பிஸ்தாவும் மாமரத்தின் குடும்பம். நிலக்கடலையோ துவரை, உளுந்தின் உறவு. மண்ணுக்கடியில் காய்க்கும் பயறு. ஒருவருக்கு ஒன்று ஆகவில்லை என்பதால் மற்றதெல்லாம் ஆகாது என்று சொல்லிவிட முடியாது. ஆகும் என்றும் சொல்லிவிட முடியாது. முந்திரியின் புரதமும் பிஸ்தாவின் புரதமும் மிக நெருக்கமானவை என்பதால் என் பேத்திக்கு மருத்துவர் பிஸ்தாவையும் விலக்கச் சொன்னார். அதே குடும்பத்து மாம்பழத்தை அவள் சித்திரை முழுவதும் ஆசைதீரத் தின்கிறாள்.

இனி, குற்றம் சாட்டப்பட்ட மரத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடங்களில் நாம் பாதாம் மரம் என்று அழைப்பது நாட்டு வாதுமை. கடைகளில் விற்கும் பாதாம் பருப்புக்கும் அதற்கும் உறவு கிடையாது. பெரிய இலையும் அடுக்கடுக்கான கிளையும் கொண்ட இந்த மரம் டெர்மினாலியா இனத்தைச் சேர்ந்தது. திரிபலாவில் சேரும் கடுக்காயும் தான்றிக்காயும் அதே இனம். ஆற்றங்கரைகளில் நிற்பதும் திருவிடைமருதூர்க் கோயிலின் தலமரமாக விளங்குவதுமான மருதமும் அதே இனம். பருப்பின் வடிவம் பாதாமைப் போல இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயரைப் பார்த்து மரத்தை வெட்டுவதானால், சில்வர் ஓக்கை வெள்ளி என்று நினைத்து உருக்கவும் செய்யலாம்.

ஆனாலும் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கனடாப் பிள்ளைகள் ஓக் கொட்டையைத் தின்பதில்லை. நம் பிள்ளைகள் நாட்டு வாதுமையைத் தின்கிறார்கள். வௌவால் கடித்துப் போட்டது போக மிஞ்சும் பழத்தின் சதையைச் சப்பி நாக்கைச் சிவப்பாக்கிக்கொள்வதும், காய்ந்த கொட்டையைக் கருங்கல்லில் வைத்துத் தட்டி உள்ளே இருக்கும் மெல்லிய பருப்பை எடுத்து வாயில் போடுவதும் நாமும் செய்ததுதான். உண்ணக்கூடிய எந்தப் பருப்பிலும் புரதம் உண்டு. யாரோ ஒருவருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அந்த அளவில், தாயாரின் கவலை அந்நாட்டுக் கவலையைவிட நியாயமானது. ஆகவே ஏற்கெனவே கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளை, பழக்கமில்லாத எந்தப் பருப்பையும் வாயில் வைக்கக் கூடாது என்று வீட்டிலும் வகுப்பிலும் சொல்லிப் பழக்க வேண்டும். என் பேத்தி எங்கள் பள்ளியின் வாதுமை மரத்தடியில் இன்றும் விளையாடுகிறாள். தோழிகள் தட்டித் தரும் பருப்பை வாங்கி அணிலுக்கு வைத்துவிடுகிறாள்.

உதிரும் விதைகளைக் கண்டு பள்ளிகள் உண்மையில் பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது ஒவ்வாமை சார்ந்ததே அன்று. வேலியோரத்துக் காட்டாமணக்கின் விதையைக் கடலை என்று எண்ணித் தின்ற பிள்ளைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனையில் சேர்க்கப்படும் செய்தியைத் தங்கள் நாளிதழிலேயே பலமுறை படித்திருக்கிறேன். (நம் வாய்க்கால்களை அடைத்துக்கொண்டு ஊதாப் பூவோடு நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு செடி.) மஞ்சள் அரளியின் கொட்டை இதயத்தைத் தாக்கும். குன்றிமணியின் விதையை மென்றால் அது கொடிய நஞ்சு. இவை நஞ்சு; ஒவ்வாமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தின்ற யாரையும் வீழ்த்தும். மேலாண்மைக் குழு அரிவாளை எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், பள்ளி வேலியில் காட்டாமணக்கும் மஞ்சள் அரளியும் இருக்கின்றனவா என்று பார்த்து, அவற்றை வேரோடு பிடுங்கட்டும்.

ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், சாப்பாட்டு டப்பாவிலும், பள்ளி வாசல் கடையிலும், பிறந்தநாள் இனிப்பிலும் இருக்கிறது. நம் பகுதியில் இதைப் பார்ப்பது எளிது. ஒரத்தநாடு, திருவோணம் பக்கத்துச் செம்மண்ணில் நிலக்கடலை விளைகிறது. கடலை ஆயும் நாள்களில் பிள்ளைகளின் கால்சட்டைப் பைகளில் பச்சைக் கடலையும் அவித்த கடலையும் நிறைந்திருக்கும். தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில் ஆதனக்கோட்டையில் சாலையோரத்தில் வறுக்கும் முந்திரியை வாங்காமல் வண்டிகள் நகர்வதில்லை. அசோகா அல்வாவிலும் கேசரியிலும் சர்க்கரைப் பொங்கலிலும் முந்திரி மேலே தெரியும்; குருமாவிலும் சட்னியிலும் அரைபட்டு மறைந்திருக்கும். கடலை மிட்டாய் இருக்கும் கண்ணாடிச் சாடியில் விட்ட கையாலேயே கடைக்காரர் அடுத்த சாடியிலிருந்து தேன்மிட்டாயை எடுத்துத் தருகிறார். நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. இப்போது எல்லோரும் விரும்பி வாங்கும் செக்கெண்ணெயில் அது சிறிது தங்கக்கூடும் என்பதால், கடலை ஆகாதவர்கள் அதில் கவனமாக இருக்க வேண்டும். பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் நிலக்கடலையும் மரக்கொட்டைகளும் இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தட்டில் அடுக்கி எடை போட்டு விற்கும் இனிப்பில் எந்தச் சீட்டை நாம் படிப்பது?

பேச்சு வழக்கும் சில நேரம் காலை வாருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு தாய், தன் மகனுக்குக் கடலை ஆகாது என்று பள்ளியில் சொல்லிவிட்டு வந்தார். சத்துணவில் கொண்டைக்கடலைச் சுண்டல் போட்ட நாளில் ஆயாம்மா அதைக் கவனமாக அவனுக்குப் போடாமல் விட்டுவிட்டார். அன்று மாலை விளையாட்டுப் போட்டியில் வென்ற பிள்ளைகளுக்குக் கொடுத்த கடலை மிட்டாயில் அவனுக்கும் ஒன்று போயிற்று. நல்லவேளையாக வாயில் வைப்பதற்குள் அண்ணன்காரன் பிடுங்கிவிட்டான். கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை மூன்றும் நமக்குக் கடலை. வேர்க்கடலையே பக்கத்து மாவட்டங்களில் மணிலா, மல்லாட்டை என்றெல்லாம் பெயர் மாறுகிறது. ஆகவே பள்ளியில் சொல்லும்போது எந்தக் கடலை என்று முழுப்பெயரோடு எழுதிக் கொடுப்பது நல்லது.

கை கழுவுவதிலும் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. கடலை பூசிய கைகளை வெவ்வேறு முறையில் சுத்தம் செய்து சோதித்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2004-இல் வெளிவந்தது. சோப்பும் தண்ணீரும் கடலைப் புரதத்தை நீக்கின. வெறும் தண்ணீரும், கொரோனாக் காலத்தில் நாம் வாளி வாளியாக வாங்கிய சானிட்டைசர் வகையும் சில கைகளில் அதை விட்டுவைத்தன. சானிட்டைசர் கிருமியைக் கொல்லும். புரதத்தைக் கழுவி எடுத்துச் செல்வது அதன் வேலை இல்லை. பள்ளிக் குழாயடியில் ஒரு சோப்புக் கட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது, மரம் வெட்டும் கூலியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது.

விலக்கி வைப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் மருத்துவர்களிடமே ஒரு காலத்தில் இருந்தது. ஒவ்வாமை வந்துவிடுமோ என்று கைக்குழந்தைகளுக்குக் கடலையைக் காட்டாமலே வளர்க்கச் சொன்னார்கள். லண்டனில் ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை வைத்து நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. முதல் வயதிலிருந்தே கடலை சேர்த்த உணவை உண்டு வளர்ந்த பிள்ளைகளில், 5 வயதில் கடலை ஒவ்வாமை கண்டவர்கள், விலக்கி வளர்த்த பிள்ளைகளில் கண்டவர்களின் எண்ணிக்கையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. (முழுக் கடலை கைக்குழந்தையின் தொண்டையை அடைக்கும் என்பதாலும், கரப்பான் என்னும் தோல் நோய் கடுமையாக உள்ள குழந்தைகளுக்கு முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதாலும், இதைத் தானாகச் செய்துவிடக் கூடாது.) ஒவ்வாமை ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்கு இது பொருந்தாது; அவளுக்கு அந்த உணவை விலக்கித்தான் ஆக வேண்டும்.

எல்லாக் கவனத்தையும் மீறி ஒரு நாள் தவறு நடக்கும். அன்றைக்கு வேண்டியது அட்ரினலின். அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரையும் ஊசியும் தடிப்பைக் குறைக்கலாம்; அடைபடும் தொண்டையையும் சரியும் இரத்த அழுத்தத்தையும் அவை காப்பாற்றா. வெளிநாடுகளில் பிள்ளைகள் பையிலேயே வைத்திருக்கும், பேனா போன்ற தானியங்கி ஊசி நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் 1 மில்லிகிராம் அடங்கிய சின்னக் கண்ணாடிக் குப்பி மிகவும் மலிவு. பிள்ளையின் எடைக்கு ஏற்ப அளவைக் கணக்கிட்டு, தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். அதைப் போடத் தெரிந்தவர் இருக்கும் இடம் பள்ளியிலிருந்து எத்தனை நிமிடத் தொலைவில் இருக்கிறது என்பதே என்னைப் போன்றவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. எங்கள் பள்ளியிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, கல்லணைக் கால்வாயை, அதாவது நாங்கள் புது ஆறு என்று சொல்வதை, சுற்றிக்கொண்டு போக வேண்டும். உதடு வீங்கி மூச்சு இழுத்தால் வீட்டுக்குத் தகவல் சொல்லிக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும், பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும், மூச்சுக்குத் திணறினால் உட்கார்ந்தபடி இருக்க விட வேண்டும், எழுந்து நடக்க விடக் கூடாது என்பவற்றை ஆசிரியர்களுக்கும் சத்துணவுப் பணியாளர்களுக்கும் அரை நாளில் கற்றுத் தந்துவிடலாம்.

மரங்களைப் பற்றி இன்னும் ஒரு சொல். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரை கடந்தபோது, இந்தப் பள்ளியில் நின்ற வேம்பும் புங்கையும் தூங்குமூஞ்சி மரமும் ஒரே இரவில் சாய்ந்தன. அடுத்த ஆண்டு பிள்ளைகள் நட்ட கன்றுகளில், விரைவாக வளரும் என்பதால் நாங்களே தேர்ந்தெடுத்தவை இந்த நாட்டு வாதுமைகள். இப்போது அவற்றின் நிழலில்தான் காலை வழிபாட்டுக் கூட்டமும் மதிய உணவும் நடக்கின்றன. அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் இசைவு வேண்டும் என்பதையும், ஜூன் மாத வெயிலில் இருநூறு பிள்ளைகள் நிற்க வேறு இடம் கிடையாது என்பதையும் மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். உதிரும் காய்கள் காலில் இடறுகின்றன என்றால், அது பெருக்கித் தள்ளும் வேலை.

பள்ளி திறந்ததும் கூடவிருக்கும் மேலாண்மைக் குழுவின் முன் நானும் ஒரு தீர்மானம் வைக்கவிருக்கிறேன். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டுப் பதிவு செய்வது, பிறந்தநாளுக்கு இனிப்புக்குப் பதிலாகப் பென்சிலோ புத்தகமோ கொடுப்பது, வட்டார மருத்துவ அலுவலரை அழைத்து ஆண்டுக்கு ஒரு முறை பயிற்சி நடத்துவது, சுகாதார நிலையத்தில் அட்ரினலின் எந்நேரமும் இருப்பில் உள்ளதா என்று மாதம் ஒரு முறை கேட்டுக்கொள்வது, குழாயடியில் சோப்பு, வேலியில் காட்டாமணக்கை ஒழிப்பது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை எழுதிச் சத்துணவுக் கூடத்தின் சுவரில் ஒட்ட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். மாதிரிக்காக என் பேத்தியின் அட்டையை மருமகள் எழுதிவிட்டாள். கொட்டை என்று பொதுவாக எழுதாமல் முந்திரி, பிஸ்தா என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறாள். ஆயாம்மாவுக்குப் பொடி எழுத்து தெரியாது என்பதால் இரண்டின் படத்தையும் பெரிதாக வரைந்து ஒட்டியிருக்கிறாள். தீர்மானத்தின் படியையும் அந்த அட்டையின் படியையும் இத்துடன் இணைத்துள்ளேன். கடிதம் எழுதிய தாயார் விரும்பினால் அவருக்கு அனுப்பி உதவும்படி வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.